இடக்கைச் சவரம்

பதுளைப் பக்கத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆண்களைத் தூரத்தில் வைத்தே கண்டுபிடித்துவிடலாம். தாடையைப் பார்த்தால் போதும். பெருமை பேசுகிறேன் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும், பெருமைதான் பேசுகிறேன். அந்தத் தாடைகளையெல்லாம் வழித்தது என் வீட்டுக்காரரின் இடது கை. அந்தக் கை அந்த வேலையைக் கற்றுக்கொண்டபோது பக்கத்தில் இருந்தவள் நான் ஒருத்திதான்.

தோட்டத்தில் எங்கள் வீட்டைக் குடிமகன் வீடு என்பார்கள். புருஷன் ஆண்களுக்குச் சவரம் செய்வார், பெண்சாதி பிள்ளைப்பேறு பார்ப்பாள். லயம் என்று சொல்லும் வரிசை வீடுகளில் கடைசிக் காம்பிரா எங்களுக்கு. ஒரே அறை, முன்னால் அடுப்பு வைக்கக் கொஞ்சம் இடம், அவ்வளவுதான். ஆனால் கல்யாணமோ கருமாதியோ, பிள்ளைக்கு முதல் முடியோ, மாரியம்மன் திருவிழா மொட்டையோ, எல்லாரும் அந்த வாசலில்தான் வந்து நிற்க வேண்டும். அதனால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. கோபமும் மூக்குக்கு மேல் வரும். பேறுகாலத்தில் நான் போடும் சத்தம் அடுத்த லயத்துக்குக் கேட்கும் என்று கேலி செய்வார்கள். கேட்கட்டுமே, பிள்ளை நல்லபடியாக வந்ததா இல்லையா?

என் வீட்டுக்காரர் எனக்கு நேர் எதிர். வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசினால் அன்றைக்கு மழை வரும். சவரம் செய்யும்போது ஊர்க்கதை பேசாத குடிமகனை நான் அவரைத் தவிர வேறு எங்கும் பார்த்ததில்லை. வந்தவரை எதிரே குந்த வைப்பார், தானும் குந்துவார், தண்ணீரைத் தொட்டுத் தாடையைத் தேய்த்துக்கொண்டே இருப்பார். முடி ஊறி மெத்தென்று ஆன பிறகுதான் கத்தியை விரிப்பார். துரை பங்களாவுக்கும் அவர்தான் போவார்.

அந்த வருஷம் மழை விட்டபாடில்லை. மேல் லயத்தில் ஒரு இழவு வீட்டு வேலையை முடித்துக்கொண்டு இறங்கி வந்தவர், பாசி பிடித்த கல்படியில் வழுக்கி, வலது கையை ஊன்றி விழுந்தார். மணிக்கட்டு முறிந்துவிட்டது. தோட்டத்து டிஸ்பென்சர் ஐயா மூங்கில் தப்பை வைத்துக் கட்டினார். கட்டை அவிழ்த்தபோது எலும்பு சேர்ந்துதான் இருந்தது, ஆனால் கோணலாகச் சேர்ந்திருந்தது. கட்டைவிரல் மடங்கவே இல்லை. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்டன. அந்தக் கையில் சவரக்கத்தி நிற்கவில்லை.

ஆள் அசரவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பேசாமல் கத்தியை இடது கையில் எடுத்துக்கொண்டு வாசலில் போய்க் குந்தினார். இரக்கப்பட்டு முதலில் வந்து உட்கார்ந்தவர் ஸ்டோர் காவல்காரர். தேயிலை அரைக்கிற அந்தக் கட்டிடத்துக்கு இராக்காவல் இருப்பவர், நல்ல மனுஷர். கன்னம் வரைக்கும் எப்படியோ போயிற்று. காதோரம் வரும்போது கத்தி ஒரு துள்ளு துள்ளியது. காது மடலில் இருந்து இரத்தம் கழுத்தில் இறங்கித் துண்டை நனைத்தது. காவல்காரர் படிகாரக் கட்டியை வாங்கித் தாமே அழுத்திக்கொண்டார். ஆனால் வரிசையில் காத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். போகிறபோது ஒருவர், இடது கையால் முகத்தைத் தொட்டால் விளங்குமா என்று எனக்குக் கேட்கும்படியாகவே சொல்லிவிட்டுப் போனார். அந்த ஆளின் பிள்ளைகள் எல்லாம் என் கையில் பிறந்தவை.

அதற்குப் பிறகு யாரும் வரவில்லை. ஆண்கள் தாடியும் மீசையுமாகப் பெரட்டுக்குப் போய் நின்றார்கள். பெரட்டு என்பது காலையில் ஆள் பிரித்து வேலைக்கு அனுப்பும் இடம். துரை பார்த்துவிட்டு, இது என்ன, தோட்டமா சாமியார் மடமா என்று கேட்டாராம். கேட்டது, தோட்டத்து ஆட்களுக்கெல்லாம் தலைவரான பெரிய கங்காணியை. அன்று மத்தியானமே பெரிய கங்காணி எங்கள் வாசலுக்கு வந்துவிட்டார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அவர் சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்குப் போட்டிருப்பேன். அவர் தணிவாகப் பேசினார், அதுதான் தாங்க முடியவில்லை.

"மாரியம்மன் திருவிழாவுக்குப் பதுளையிலிருந்து ஒரு ஆள வரச் சொல்லியிருக்கேன். மொட்டை அடிக்கிற வேலைய அவன் பாக்கட்டும். பெறகு இந்தக் காம்பிராவும் அவனுக்குத்தான் போகும். மனசுல வச்சுக்காத, மருத்துவச்சி."

மனதில் வைத்துக்கொள்ளாமல் வேறு எங்கே வைத்துக்கொள்வது? திருவிழாவில் யார் முடி இறக்குகிறாரோ அவர்தான் தோட்டத்துக் குடிமகன். அவர் பெண்சாதிதான் மருத்துவச்சி. எங்களுக்கு இருக்க இடம் போகும், அவருக்குக் கத்தி போகும், எனக்குப் பேறு பார்க்கும் வேலை போகும். இலங்கைக்குப் பிழைக்க வந்தவர்கள் நாங்கள், திரும்பிப் போக இந்தியாவில் எங்களுக்கு ஒரு குழி நிலம்கூடக் கிடையாது. வேறு தோட்டத்தில் போய்க் கேட்டால், கை விளங்காத குடிமகனை எவன் சேர்ப்பான்?

என் வீட்டுக்காரர் கத்தி, கல், வார், கண்ணாடி எல்லாவற்றையும் அடைப்பத்தில் போட்டுக் கட்டினார். அடைப்பம் என்பது எங்கள் ஆட்கள் தோளில் மாட்டும் தோல்பை. அதை மோட்டு வளையில் தொங்கவிட்டுவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். நான் திட்டாத திட்டு இல்லை. பெரிய கங்காணியைத் திட்டினேன், எழுந்து போனவர்களைத் திட்டினேன், படியில் பாசி பிடிக்க வைத்த மழையைத் திட்டினேன். கடைசியில் அவரையும் திட்டினேன். சரிதான் போ என்று நானே ஏறி அடைப்பத்தை இறக்கி அவர் மடியில் போட்டேன். கை போனது போகட்டும், இன்னொரு கை என்ன சும்மா தொங்கவா இருக்கிறது என்று கேட்டேன்.

மறுநாளிலிருந்து, சனங்கள் எல்லாம் கொழுந்து பறிக்க மலைக்குப் போனபிறகு, லயம் வெறிச்சென்று கிடக்கும் நேரத்தில் ஆரம்பித்தோம். எனக்கும் கத்தி புதிதில்லை. தொப்புள்கொடி அறுக்க என்று தனியாக ஒரு பழைய கத்தி எப்போதும் என்னிடம் உண்டு. கூர் என்றால் என்ன, மழுங்கல் என்றால் என்ன என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதனால் முதல் கோளாறு சுலபமாக அகப்பட்டது. அவர் இடது கையால் தோல்வாரில் தீட்டும்போது வருகிற சத்தமே சரியில்லை. சர் சர் என்று வழுக்கிக்கொண்டு வர வேண்டியது, கரக் கரக் என்றது. வாரை வாங்கிப் பார்த்தேன், தோலில் கீறல். பழைய கை, கத்தியைத் திருப்பும்போது முதுகுப் பக்கமாகப் புரட்டும். புதிய கை அவசரத்தில் கூரான வாய்ப் பக்கமாகப் புரட்டியது. அப்படிப் புரட்டினால் கூர் எங்கே நிற்கும்? காவல்காரர் காதை அறுத்தது கையின் குற்றம் பாதி, கூர் இல்லாத கத்தியின் குற்றம் பாதி. வாரின் ஒரு நுனியை நான் பிடித்துக்கொண்டேன். ஒவ்வொரு இழுப்புக்கும் முதுகு முதுகு என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அவருக்கே எரிச்சல் வந்து, வாயை மூடு புள்ள என்றார். கை விழுந்த பிறகு அவர் பேசிய முதல் பேச்சு அது. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அடுத்தது பூசணி. எங்கள் கொல்லையில் சாம்பல் பூசணிக்கொடி படர்ந்து கிடந்தது. அதன் பிஞ்சைத் தொட்டுப் பார்த்திருப்பீர்கள், மேலெல்லாம் சுணை, ஆண்பிள்ளைத் தாடை மாதிரி. தண்ணீர் தடவி, பச்சைத் தோலில் கீறல் படாமல் சுணையை மட்டும் வழிக்க வேண்டும் என்று சொன்னேன். முதல் பிஞ்சு குற்றுயிரும் குலையுயிருமாக வந்தது. கத்தியை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு இழுத்திருக்கிறார். கத்தி படுத்துக்கொண்டு போக வேண்டும், வழிக்க வேண்டும், இழுக்கக் கூடாது. அவர் எத்தனையோ பேருக்குச் சொன்னதுதான், அந்தக் கைக்குத் தெரியவில்லை. கீறல் விழுந்த பிஞ்சுகளை எல்லாம் கறி வைத்தேன். பூசணிக் கறி தின்று தின்று நாக்கு செத்துவிட்டது. இருந்தாலும் விடவில்லை.

ஆனாலும் கை நடுங்கியது. எவ்வளவு பழகினாலும் ஓரம் வரும்போது ஒரு நடுக்கம். அவர் நரம்பு செத்துவிட்டது என்றார். நான் நம்பவில்லை. பாக்கு வெட்டிக்கொண்டு பார்த்தபடியே இருந்தேன். அப்போதுதான் கண்ணில் பட்டது. எப்போதும் வலது முழங்காலை உயர்த்தித்தான் குந்துவார். வலது முழங்கை அதன்மேல் அணைந்துகொள்ளும், கத்தி அசையாமல் நிற்கும். இப்போது கத்தி இடது கைக்கு வந்துவிட்டது, முழங்கால் மட்டும் பழைய முழங்காலாகவே இருந்தது. இடது கைக்கு அண்டக்கொடுக்க ஒன்றுமே இல்லை, அந்தரத்தில் தொங்கியது. நடுங்காமல் என்ன செய்யும்? பேறு பார்க்க உட்காரும்போது எந்த முழங்கால் தாங்குகிறதோ அந்தப் பக்கத்துக் கைக்குத்தான் பலம் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். காலை மாற்றிக் குந்துங்கள் என்று சொன்னேன். மாற்றினார். முதலில் பக்கவாட்டில் சாய்ந்து விழப் பார்த்தார், நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். அடுத்த பிஞ்சு கீறல் இல்லாமல் வந்தது.

அப்புறம் தன் முகத்தையே வழித்துக்கொள்ளத் தொடங்கினார். இங்கேதான் வலது கையின் அந்த இரண்டு விரல்களும் பயன்பட்டன. தோலை இழுத்துப் பிடிக்கிற கை சரியாக இருந்தால்தான் கத்திக்கு வேலை சுலபம். தோல் தொய்ந்தால் எப்பேர்ப்பட்ட கத்தியும் கடிக்கும். விரல்கள் வழுக்கின. படிகாரத்தைத் தொட்டுக்கொண்டு பிடிக்கச் சொன்னேன், பசை போட்டது போல் நின்றுவிட்டன. கழுத்தில் முடி ஒரு பக்கம் மேலே போகும், ஒரு பக்கம் கீழே போகும். அந்தப் போக்கிலேயே சின்னச் சின்னதாக வழித்தார். முடிந்ததும் புறங்கையால் தடவிப் பார்ப்பேன். உள்ளங்கை காய்ப்புக் காய்த்தது, அதற்கு ஒன்றும் தெரியாது. திருவிழாவுக்குக் கொடியேறுவதற்குள், என் புறங்கை தடுக்காத தாடை அவருக்கு வந்துவிட்டது.

வந்து என்ன? உட்கார ஆள் வேண்டுமே. நான் வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். எல்லாரும் மரியாதையாகவே பதில் சொன்னார்கள். பதுளை ஆள்தான் வருகிறானே அக்கா, இப்ப எதுக்கு அவரைச் சிரமப்படுத்திக்கிட்டு என்றார்கள். இரத்தத்தைப் பார்த்த கண், வேறு எதையும் பார்க்க மறுத்தது. அதற்கு மேல் இடது கை என்ற அருவருப்பு வேறு. மற்ற நாளில் பொறுத்தாலும் பொறுப்பார்கள், ஆத்தாளுக்குக் கொடுக்கும் முடியை இடது கையால் இறக்க எவரும் சம்மதிக்க மாட்டார்கள் என்று தெரிந்துவிட்டது.

அன்று கோயிலுக்குப் போய் நின்றேன். என் முடி இடுப்புக்குக் கீழே தொங்கும். தோட்டத்தில் அப்படி முடி எனக்கு மட்டும்தான். பெண்கள் அதைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள், நானும் வேண்டுமென்றே அவிழ்த்து முடிவேன். ஆத்தா, இந்த முடி உனக்கு, ஆனால் அந்தக் கையே இதை இறக்கட்டும் என்று நேர்ந்துகொண்டேன். அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் தடுத்துவிடுவார்.

திருவிழா அன்று விடியற்காலம் ஓடைக்கரையில் கூட்டம். பதுளை ஆள் முதல் நாளே வண்டியில் வந்து இறங்கியிருந்தார். ரயில் அப்போது பண்டாரவளை வரைக்கும்தான், பதுளைப் பக்கமெல்லாம் மாட்டுவண்டிதான். அவர் ஆலமரத்தடியில் குந்தியிருக்க, மொட்டை போட வந்தவர்கள் அவர் முன்னால் வரிசையாக நின்றார்கள். என் வீட்டுக்காரர் தள்ளி, ஒரு பாறை ஓரத்தில், அடைப்பத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வரச் சொன்னதே நான்தான். அவரைப் பார்க்காதது போல எல்லாரும் பார்த்தார்கள்.

நான் ஓடையில் முங்கி எழுந்தேன். ஈரத்தோடு நடந்து, வரிசையைத் தாண்டி, என் வீட்டுக்காரர் முன்னால் போய் உட்கார்ந்து முடியை அவிழ்த்துவிட்டேன். வேணாம் புள்ள, எந்திரி என்று அவர் உதட்டுக்குள் சொன்னார். நேர்ந்தாகிவிட்டது, எழுந்திருக்க முடியாது என்றேன்.

பெரிய கங்காணி வந்துவிட்டார். "நேந்துகிட்டா முடி குடுக்கலாம், அதுல தப்பில்ல. ஆத்தாளுக்குக் குடுக்கறத இடது கையாலயா எறக்குவாங்க?"

நான் திரும்பி அவரை நிமிர்ந்து பார்த்தேன். "இத்தன வருஷமா ஒங்க தாடையப் புடிச்சு இப்படியும் அப்படியும் திருப்புனது இந்த இடது கைதானுங்களே, ஐயா. அப்ப ஆகாதுன்னு ஒரு நாளாவது சொன்னீங்களா?"

பின்னால் பெண்கள் முந்தானையை வாயில் வைத்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். பெரிய கங்காணி பூசாரியைத் திரும்பிப் பார்த்தார். பூசாரி, ஆத்தாளுக்கும் அவளுக்கும் உள்ள கணக்கு, நமக்கென்ன என்று சொல்லி ஒதுங்கிக்கொண்டார்.

முடியைக் கத்தையாகப் பிடித்து முதலில் அறுத்தார். மடியில் விழுந்தபோது அது என் முடி என்று நினைக்கவே முடியவில்லை. பிறகு தண்ணீர் விட்டுத் தேய்த்தார், தேய்த்தார், தேய்த்துக்கொண்டே இருந்தார். அவர் விரல்கள் என் உச்சந்தலையில் நடுங்குவது தெரிந்தது. எனக்குப் பயம் இல்லை என்று சொன்னால் பொய். வெட்டு விழும் என்ற பயம் இல்லை, விழுந்தால் இந்தச் சனங்கள் எல்லாரும் பார்ப்பார்களே என்ற பயம். தலையைக் குனிந்தபடி, அவருக்கு மட்டும் கேட்கும்படி, காலை மாத்துங்க என்றேன். மாற்றிக் குந்தினார். நடுக்கம் நின்றது.

உச்சியிலிருந்து நெற்றிக்கு முதல் வழிப்பு. அந்தச் சத்தத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. தாள் கிழிவது போல ஒரே சீராக வந்தது. காதுக்குப் பின்னால் அந்த இரண்டு விரல்களால் மடலை மடக்கிப் பிடித்துக்கொண்டு, கத்தியைப் படுக்கவைத்து வளைத்துப் போனார். பிடரிக் குழியில் எங்கள் ஆட்களுக்கே கை தடுமாறும். அங்கே நிறுத்தி, என் தலையை இன்னும் குனிய வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு வழித்தார். மூச்சை விட்டபோது என் கழுத்தில் சூடாகப் பட்டது. பதுளை ஆள் தன் வேலையை நிறுத்திவிட்டு எழுந்து வந்து நின்றார். கூட்டமும் சுற்றி நின்றது.

முடிந்ததும் ஓடைத் தண்ணீரை என் தலையில் ஊற்றினார்கள். நான் ஒரு வெள்ளைத் துண்டால் தலை முழுக்க அழுத்தித் துடைத்து, அதை விரித்து எல்லாருக்கும் காட்டினேன். ஒரு பொட்டுச் சிவப்பு இல்லை. சந்தனத்தை அள்ளித் தலையெல்லாம் பூசினேன். ஒரு கீறல் இருந்தாலும் சந்தனம் எரிந்து காட்டிக்கொடுத்துவிடும். குளுகுளுவென்று இருந்தது. பெண்கள் வந்து தடவிப் பார்த்தார்கள், பிறந்த பிள்ளை தலை மாதிரி இருக்கு என்றார்கள். பதுளை ஆள் குனிந்து என் பிடரியைப் பார்த்துவிட்டு, இந்தக் குழியை நான் வலது கையாலயே இப்படி வழிக்க மாட்டேன் என்று உரக்கச் சொன்னார். தொழில் தெரிந்த மனுஷர், மனதிலும் கள்ளம் இல்லை. மறு வண்டியில் நான் பதுளைக்குப் போய்விடுகிறேன் என்றும் அவரே சொன்னார்.

அப்புறம் யாரும் யாரையும் கேட்கவில்லை. ஸ்டோர் காவல்காரர்தான் முதலில் நகர்ந்து வந்து என் வீட்டுக்காரர் முன்னால் குந்தினார். அவருக்குப் பின்னால் ஒருவர், அவருக்குப் பின்னால் ஒருவர் என்று வரிசை இரண்டாகப் பிரிந்தது. வெயில் ஏறும்வரை இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் குந்தி வேலை செய்தார்கள். கடைசியில் பெரிய கங்காணியே வந்தார். அவருக்கு மொட்டை நேர்த்தி ஒன்றும் இல்லை. தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, தாடையை உயர்த்தி, கண்ணை மூடிக்கொண்டார். அவர் கழுத்து நரம்பு துடிப்பது நான் நின்ற இடத்துக்குத் தெரிந்தது. கத்தி அதன்மேல் போய்க்கொண்டிருந்தபோது அவர் ஒரு முறைகூடக் கண்ணைத் திறக்கவில்லை.

வழித்து முடித்ததும் தாடையைத் தடவிப் பார்த்தார். "காம்பிராவ யாரும் கேக்க மாட்டாங்க," என்றார் என் வீட்டுக்காரரிடம். "கை நல்லாத்தான் இருக்கு."

எத்தனை ஆண்கள் நின்றார்கள் அங்கே! ஊமை மாதிரி இருக்கிற என் மனுஷர், அத்தனை பேர் முன்னாலும் வாயைத் திறந்தார்.

"கை என்னுதுங்க. தலை அவளுது."

எனக்கு அழுகை வந்துவிட்டது. முகத்தைக் கழுவிக்கொண்டு, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு லயத்துக்கு நடந்தேன். வழியெல்லாம் சனம். மொட்டை போட்ட பெண்கள் எல்லாரும் முந்தானையைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டு போனார்கள். நான் இழுக்கவில்லை.